உப்புப் பாக்கெட்டில் இல்லாத பெண்

"எனக்கு தைராய்டு இருக்கு" என்று தமிழில் ஒரு பெண் சொன்னால் அது நோயைப் பற்றிய பேச்சு. கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி போல ஒட்டியிருக்கும் அந்தச் சுரப்பி எல்லோருக்கும்தான் இருக்கிறது. ஆணுக்கும் இருக்கிறது. ஆனால் நம் பேச்சில் சுரப்பியின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. சுகர், பிரஷர் எல்லாம் அப்படி ஆனவைதான் என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு. கல்யாணப் பந்தியில் பாயசத்தைக் கைகாட்டி மறுத்தபடி "சுகருங்க" என்று உரக்கச் சொல்லும் ஆண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். தைராய்டைக் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். பெண் பார்க்க வரும் வீட்டாரிடம் சொல்வதே இல்லை. "தைராய்டா? அப்ப குழந்தை தங்குமா?" என்ற அடுத்த கேள்வி எல்லோருக்கும் தெரியும். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வரும் ஒரு கோளாறு, கருப்பையைப் பற்றிய சந்தேகமாக மாறியபின்தான் வீட்டுக்குள் பேசப்படுகிறது.

வீட்டுக்கு வெளியே இந்தச் சுரப்பி பேசப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று உப்பு விளம்பரம். மற்றொன்று கர்ப்ப கால அறிவுரை. இந்தக் கட்டுரைக்காகக் கொஞ்ச காலம் உப்புப் பாக்கெட்டுகளையும், ஆரம்ப சுகாதார நிலையச் சுவரொட்டிகளையும், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கைகளையும் இலக்கியப் பிரதிகளைப் படிப்பது போல உட்கார்ந்து படித்தேன். எல்லாவற்றிலும் ஒரு குழந்தை இருக்கிறது. புத்தகம் வைத்திருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறது, வகுப்பில் கை தூக்குகிறது. அயோடின் குழந்தையின் மூளைக்கு, அறிவுக்கு, மதிப்பெண்ணுக்கு. பெண் எங்கே என்று தேடினால் கரண்டி பிடித்த ஒரு கையாக இருக்கிறாள். இல்லாவிட்டால் பக்கவாட்டில் வரைந்த ஒரு வயிறாக. அவளுக்குக் கழுத்து இல்லை.

இதில் என்ன தவறு, குழந்தைக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். பெண்ணின் தைராய்டைக் குழந்தையின் மூளைக்குப் போகும் வாசலாக மட்டும் பார்க்கிற பார்வை பெண்ணுக்கு அநியாயம் செய்கிறது என்பது நமக்குப் பழகிய வாதம். நான் சொல்ல வருவது அதற்கும் ஒரு படி மேலே. அந்தப் பார்வை குழந்தைக்கே தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

உடல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கருவின் தைராய்டு ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு வாரத்தில்தான் அயோடினை உள்ளிழுக்கத் தொடங்குகிறது. போதுமான அளவில் தானே ஹார்மோன் சுரக்க இன்னும் சில வாரங்கள், பதினெட்டு இருபது வாரம் வரை, ஆகிவிடும். அதுவரை கரு பெரும்பாலும் தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. மூளையின் அடித்தளம் போடப்படுவதும் இந்த வாரங்களில்தான். அதே நேரத்தில் தாயின் உடலிலும் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. கர்ப்பத்தை உறுதிசெய்யும் சிறுநீர்ப் பட்டையில் கோடாகத் தெரிகிற அந்த எச்சிஜி ஹார்மோன் தைராய்டையும் தூண்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் தைராக்சினைக் கட்டிப் பிடித்து வைக்கும் புரதம் இரத்தத்தில் கூடுகிறது, எனவே இன்னும் அதிகமாகச் சுரந்தாக வேண்டும். சிறுநீரகமோ அயோடினை முன்பைவிட வேகமாக வெளியேற்றுகிறது. எல்லாம் சேர்ந்து சுரப்பியின் வேலை ஏறக்குறைய பாதிப் பங்கு கூடிவிடுகிறது. சாதாரணமாக ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் 250 என்று சொல்வது இதனால்தான்.

இந்த வேலை எப்போது தொடங்குகிறது? அவளுக்கே நாள் தள்ளிப்போனது தெரிவதற்கு முன்பு. வீட்டில் யாருக்கும் சொல்லாத வாரங்களில். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்" என்று நம் குடும்பங்கள் மூடி வைக்கிற அந்த மூன்று மாதத்தில்.

இப்போது அரசின் நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்துவிட்டால் அது முற்பதிவு. நம் மாநிலத்தில் மகப்பேறு நிதியுதவியோடு இதைப் பிணைத்ததால் பெண்கள் சீக்கிரமே வருகிறார்கள், அது நல்ல விஷயம்தான். ஆனால் நிர்வாகம் 'சீக்கிரம்' என்று கொண்டாடும் பன்னிரண்டாவது வாரம், தைராய்டின் கணக்கில் முதல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். பதிவுக்குப் பின் அவளுக்குக் கிடைக்கும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையில் அயோடின் கிடையாது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், கர்ப்ப காலத் தைராய்டுப் பரிசோதனையை ஆபத்துக் காரணிகள் உள்ள பெண்களுக்கு என்றே வகுத்தது. கர்ப்பிணி ஆன பிறகுதான் ஒரு பெண் இந்த அமைப்பின் கண்ணில் படுகிறாள். அதற்கு முன் அவள் கழுத்து யாருடைய பொறுப்பும் இல்லை.

நாள் முந்தினால் என்ன, பிந்தினால் என்ன என்பதற்கு மறுக்க முடியாத சான்று ஒன்று உண்டு. பாப்புவா நியூகினியின் மேற்கு மலைநாட்டில் ஜிமி பள்ளத்தாக்கு. கடுமையான அயோடின் குறைபாட்டால் செவிப்புலன் இல்லாமல், நடை இல்லாமல், மூளை வளர்ச்சி இல்லாமல் குழந்தைகள் பிறந்துகொண்டிருந்த இடம். 1966இல் ஃபாரோ, பட்ஃபீல்ட், ஹெட்செல் என்ற மூன்று ஆய்வாளர்கள் அங்கே ஒரு குடும்பத்துக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசியும் அடுத்த குடும்பத்துக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். 1971இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. உப்புநீர் பெற்ற பிரிவில் பிறந்த 534 குழந்தைகளில் 26 பேருக்கு அந்தப் பாதிப்பு. அயோடின் பெற்ற பிரிவில் 498 குழந்தைகளில் 7 பேருக்கு மட்டும். அந்த ஏழில் ஆறு பேரின் தாய்மார்கள் ஊசி போட்ட நாளில் ஏற்கெனவே கருவுற்றிருந்தவர்கள். அவர்களுக்கும் அயோடின் கிடைத்தது. கிடைத்த நேரம்தான் பிந்திவிட்டது.

இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் உப்புநீர் பெற்ற பெண்களிடம்தான் என் மனம் நின்றுவிடுகிறது. ஒரு நாள் வந்து கையில் ஊசி குத்திவிட்டுப் போனவர்கள், அந்த ஊசியில் எதுவும் இல்லை என்று அவர்களிடம் சொன்னார்களா? மருத்துவ அறம் பற்றிய அன்றைய அளவுகோல் வேறு என்பார்கள். இருக்கட்டும். உலகம் முழுவதும் கருவுறுவதற்கு முன்பே அயோடின் வேண்டும் என்று இன்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவது அந்த 26 குழந்தைகளையும் அவர்களை வளர்த்த பெண்களையும் வைத்துத்தான். பாடநூல்களில் அந்த எண் மட்டும் இருக்கிறது.

இந்தியாவுக்கும் இப்படி ஒரு மூல ஆய்வு உண்டு. வி. ராமலிங்கசுவாமியின் குழு 1956இல் இமயத்தின் அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கை மூன்று மண்டலமாகப் பிரித்து, இரண்டில் அயோடின் கலந்த உப்பும் ஒன்றில் வெறும் உப்பும் கொடுத்துப் பார்த்தது. அயோடின் கிடைத்த மண்டலங்களில் கழுத்துக் கழலை குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. அங்கே எண்ணப்பட்டவை பள்ளிப் பிள்ளைகளின் கழுத்துகள். வரிசையில் நிறுத்திக் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது எளிது என்பதால் அதுவே வழக்கமாகிப்போனது.

1983இல் ஹெட்செல் 'அயோடின் குறைபாட்டுக் கோளாறுகள்' என்ற புதுப் பெயரை வைத்தார். கழலை என்பது மேலே தெரியும் முனை மட்டுமே, கருச்சிதைவு, குறைப்பிறப்பு, மூளைப் பாதிப்பு எல்லாம் அதற்கடியில் இருக்கின்றன என்பது அவர் வாதம். அது சரியான வாதம். 1992இல் நம் திட்டமும் பெயரை மாற்றிக்கொண்டது. ஆனால் சொல் மாறும்போது பார்வையும் இடம் மாறிவிட்டது. கழலை, கண்ணுக்குத் தெரிகிற ஒரு கழுத்தில் இருந்தது. அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் கழுத்து. அவளுக்கு மூச்சுவிடவும் விழுங்கவும் சிரமம், முந்தானையால் மறைக்க வேண்டிய வெட்கம். புதுச் சொல் வந்தபின் குறைபாட்டின் முகவரி குழந்தையின் மண்டைக்குள் போய்விட்டது. 1994இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அயோடின் குறைந்த ஊர்களுக்கும் போதுமான ஊர்களுக்கும் இடையே நுண்ணறிவு எண்ணில் 13.5 புள்ளி வித்தியாசம் என்றது. அதற்குப் பிறகு எல்லாத் துண்டறிக்கையும் அந்தப் பதின்மூன்றைப் பிடித்துக்கொண்டது. நாட்டின் மனித வளம், பொருளாதார இழப்பு என்று பேச்சு வளர்ந்தது. சோர்ந்து, குளிரில் நடுங்கி, முடி கொட்டி, மாதவிடாய் மிகுந்து, காரணமே இல்லாமல் அழுகிற பெண்ணின் நாட்கள் எந்த நாட்டின் இழப்புக் கணக்கிலும் வரவில்லை. வீட்டில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சோம்பேறி.

கருவுற்ற பின்போ அந்தச் சோர்வுக்கு இன்னொரு பெயர் கிடைத்துவிடுகிறது. மசக்கை. தூக்கம், அசதி, மலச்சிக்கல், எடை என்று தைராய்டுக் குறைவின் அடையாளங்களில் பாதி ஆரம்பக் கர்ப்பத்தின் அடையாளங்களும்கூட. "எல்லாருக்கும் இப்படித்தான்" என்ற பதிலில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் போவது நேர்மையல்ல. 1999இல் அமெரிக்காவில் ஹாடோவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, கர்ப்ப காலத்தில் சிகிச்சை பெறாத தைராய்டுக் குறைவு இருந்த தாய்மாரின் குழந்தைகள் ஏழு முதல் ஒன்பது வயதில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியதாகச் சொன்னது. 2013இல் பிரிட்டனில், ஆரம்பக் கர்ப்பத்தில் சிறுநீரில் அயோடின் குறைந்திருந்த பெண்களின் பிள்ளைகள் எட்டு, ஒன்பது வயதில் மொழித்திறனிலும் வாசிப்பிலும் பின்தங்கியிருந்தது தெரிந்தது. ஆனால் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து லேசான குறைவுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகளில், 2012இலும் 2017இலும், குழந்தைகளின் நுண்ணறிவில் எந்த மாற்றமும் இல்லை. லேசான குறைவு அவ்வளவு கெடுதல் செய்யாது என்று சிலர் இதைப் படிக்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மாத்திரை தொடங்கிய வாரத்தைப் பாருங்கள். முதல் சோதனையில் பதின்மூன்றாவது வாரத்தையொட்டி, இரண்டாவதில் சராசரியாகப் பதினேழு. தாயின் ஹார்மோனை நம்பியிருந்த காலத்தின் பெரும்பகுதி முடிந்த பிறகு வந்து, உதவி பலிக்கவில்லை என்று எழுதுகிறோம்.

இந்த நிச்சயமின்மைக்கு நடுவே ஒரு வியாபாரமும் நடக்கிறது. முதல் மூன்று மாதத்தில் டிஎஸ்எச் 2.5ஐத் தாண்டக் கூடாது என்று 2011இல் அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொன்னது. 2017இல் அதே சங்கம், அந்தந்த நாட்டு அளவுகோல் இல்லாத இடத்தில் ஏறக்குறைய 4 வரை போகலாம் என்று கோட்டைத் தள்ளி வைத்தது. கோடு நகர்ந்தபோது நோயாளிகளாக இருந்த எத்தனையோ பெண்கள் ஒரே நாளில் நலமானவர்களாகிவிட்டார்கள். அவர்கள் கையிலிருந்த மருந்துச்சீட்டு நகரவில்லை. பெண்ணுடலைக் கண்டுகொள்ளாமல் விடுவதும், கண்டுகொண்டதும் அதை நிரந்தர நோயாளியாக்கிப் பரிசோதனைப் பொட்டலம் விற்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இரண்டும் அவளைக் கேட்காமலேயே நடப்பவை.

இனி உப்பு. தமிழ்நாடு கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய இடம் இது. குஜராத்துக்கு அடுத்து நாட்டுக்கு உப்பு விளைவிக்கிற மாநிலங்களில் முன்னால் நிற்பது நாம்தான். 2018-19இல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில் போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் கடைசி இடம். கடலோரத்துக்காரர்களுக்கு அயோடின் குறையாது என்று இன்னமும் படித்தவர்களே சொல்கிறார்கள். மீனில் அயோடின் உண்டு, கடல்நீரிலும் சிறிது உண்டு. அதே நீரை வெயிலில் காயவைத்து எடுக்கும் உப்பில் பெயருக்குத்தான் மிஞ்சுகிறது. அதனால்தான் பொட்டாசியம் அயோடேட்டைத் தெளிக்க வேண்டியிருக்கிறது. அளத்தில் வாரிய உப்பு அப்படியே வீட்டுக்கு வந்தால் அதில் அயோடின் இல்லை. தூத்துக்குடியின் பாத்திகளில் கண் கூச உப்பு வாரித் தலையில் சுமக்கிற பெண்களை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவர்கள் வாரும் உப்பு ஆலைக்குப் போய் அயோடின் ஏறி, பாக்கெட்டாகி, ஏதோ ஒரு குழந்தையின் மதிப்பெண்ணுக்காக விற்கிறது. அவர்கள் அடுப்படிக்கு எந்த உப்பு போகிறது என்பதை எந்த விளம்பரமும் கேட்பதில்லை.

அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்ற தடைக்கு ஒரு நீண்ட சச்சரவு உண்டு. 2000இல் மத்திய அரசு அதை விலக்கியது, 2006இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்ட வரம்பை மீறியது என்றது. எதிர்த்தவர்களில் காந்தியர்களும் இருந்தார்கள், சிறு உப்பு உற்பத்தியாளர்கள் நசுங்குவார்கள், பெரிய கம்பெனிகள் கொழிக்கும் என்ற கவலை இருந்தது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன், அது நியாயமானது. ஆனால் இன்று அந்த எதிர்ப்பின் வாரிசாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் மரபு உணவுப் பிரச்சாரம் என்ன செய்கிறது? 'அயோடின் சதி' என்று பேசி முடித்துவிட்டு, சாதா உப்பைவிடப் பல மடங்கு விலையில் இந்துப்பு விற்கிறது. இந்துப்பில் அயோடின் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதை வாங்குவதும், சமைப்பதும், சமைத்ததைக் கர்ப்பத்தின் முதல் வாரங்களில் சாப்பிடுவதும் ஒரு பெண். கம்பெனிக்காரன் தாய்மையைச் சொல்லி விற்றான், மரபுக்காரன் பாட்டியைச் சொல்லி விற்கிறான். பாட்டியின் கழுத்து எப்படி இருந்தது என்று இருவரும் கேட்கவில்லை.

உப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது ஒரு கிலோவில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளைக்குப் பத்து கிராம் உப்பு சாப்பிட்டால்தான் 150 மைக்ரோகிராம் ஆகும். ஐந்து கிராமுக்கு மேல் வேண்டாம் என்று அதே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறினால் இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள். மூடாத ஜாடியில் ஈரம் ஏறியும், கொதியிலும் கொஞ்சம் போய்விடும். மிச்சத்தைப் பால், முட்டை, மீன் ஈடுகட்ட வேண்டும். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு குழம்புச் சட்டியில் மீன் மிஞ்சுகிற வீட்டில் பிரச்சினை இல்லை. ஆஸ்திரேலியாவில் ரொட்டி மாவுக்கு அயோடின் உப்பைக் கட்டாயமாக்கிவிட்டு, அதற்கு மேலும் கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டுபவர்களுக்கும், கருவுற எண்ணுகிறவர்களுக்கும் தினம் 150 மைக்ரோகிராம் மாத்திரையைப் பரிந்துரைக்கிறார்கள். 'கருவுற எண்ணுகிறவர்கள்' என்ற சொற்றொடரைக் கவனிக்கிறேன். இங்கே எண்ணுகிறவள் யார்? கல்யாணமான இரண்டாம் மாதமே "விசேஷம் ஏதும் உண்டா?" என்று தெருவே எண்ணுகிறது. அவள் எண்ணுவதற்குள் கரு வந்துவிடுகிறது. மாதா மாதம் அவள் தலைக்குக் குளிக்கும் நாளைக் கணக்கு வைக்கிற மாமியார்கூட, கடைசியாக எப்போது டிஎஸ்எச் பார்த்தாய் என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடுகிற பெண்களின் நிலைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. என் சித்தி மகள் கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரைக் குப்பியைப் பழைய பவுடர் டப்பாவுக்குள் வைத்திருந்தாள். அது வெறும் வயிற்றில், காபிக்கு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு சாப்பிட வேண்டிய மாத்திரை. புகுந்த வீட்டில் எல்லோருக்கும் முதல் காபி போடுகிறவள், எல்லோருக்கும் முன்பு எழுந்து, யாரும் பார்க்காமல் விழுங்கி, தன் காபியை மட்டும் தள்ளிப்போட வேண்டும். நாள் தள்ளிப்போனதும் அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். கர்ப்பத்தில் எந்த மாத்திரையும் சாப்பிடக் கூடாது என்று மாமியார் பொதுவாகச் சொல்லியிருந்தார், அவளால் எதிர்த்துக் கேட்க முடியவில்லை. கேட்டால் எந்த மாத்திரை என்ற கேள்வி வரும். ஒன்பதாவது வாரத்தில் அவளுடைய அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மீண்டும் தொடங்கினாள்.

நடந்திருக்க வேண்டியது இதற்கு நேர் எதிரானது. தைராக்சின் சாப்பிடும் பெண் கருவுற்றது தெரிந்த உடனே அளவை ஏறக்குறைய கால் பங்கிலிருந்து முப்பது சதவீதம் வரை கூட்ட வேண்டும். வாரத்துக்கு ஏழு மாத்திரை என்றால் ஒன்பது, முதல் சந்திப்புக்குக் காத்திருக்காமலே, மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடாக. பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. அரசு தரும் இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் நான்கு மணி நேரமாவது தள்ளிச் சாப்பிட வேண்டும், சேர்த்து விழுங்கினால் தைராக்சின் உடலில் சரியாக ஏறாது. இது எதுவும் புதிய கண்டுபிடிப்பல்ல, விலை உயர்ந்ததும் அல்ல. இருபது வயதில் அவளுக்கு முதல் சீட்டு எழுதிய அன்றே, கல்யாணம் ஆகுமா ஆகாதா, குழந்தை பெறுவாளா மாட்டாளா என்று பாராமல், மருந்துச்சீட்டின் கீழே எழுதிக் கொடுத்திருக்கலாம்: நாள் தள்ளிப்போனால் மாத்திரையை நிறுத்தாதே, கூட்ட வேண்டியிருக்கும், உடனே வா. பவுடர் டப்பாவுக்குள் அந்தச் சீட்டுக்கும் இடம் இருந்தது.